அது பேஜர் இல்லீங்க, பம்ப்!

போன மாதம் வேறொரு கேள்விக்குப் பதில் எழுதும்போது, எனக்குப் பதினான்கு வயதிலிருந்து டைப் 1 சர்க்கரை (உடம்பில் இன்சுலின் சுரக்காத வகை) என்றும், ஒன்பது வருடமாக இடுப்பில் இன்சுலின் பம்ப் மாட்டியிருக்கிறேன் என்றும் போகிற போக்கில் சொல்லியிருந்தேன். அவ்வளவுதான், கடிதங்கள் குவிந்துவிட்டன. அதனால் இந்த மாதம் மற்ற கேள்விகளை ஓரமாக வைத்துவிட்டு முழுக்க இதற்கே. முதலிலேயே ஒன்று, நான் டாக்டர் இல்லை. இன்சுலின் யூனிட் கணக்கையெல்லாம் உங்கள் டாக்டரிடம் கேட்டுத்தான் மாற்ற வேண்டும். நான் சொல்லப்போவது இதை மாட்டிக்கொண்டு சமைத்து, பஸ் ஏறி, கல்யாண வீட்டுக்குப் போய்வருகிற கதை மட்டும்தான்.

என் மகளுக்கு 11 வயது. டைப் 1 வந்து மூன்று வருடம், தினமும் ஐந்து ஊசி. பம்ப் வைத்தால் ஊசியும் வேண்டாம், விரலில் குத்திப் பார்க்கவும் வேண்டாம், எல்லாவற்றையும் அதுவே பார்த்துக்கொள்ளும் என்கிறார்கள். உண்மையா அக்கா?
ஒரு அம்மா, கரூர்

பாதி உண்மை. ஊசி அறவே ஒழியாது, குறையும். தினம் ஐந்து குத்து என்பது இரண்டு மூன்று நாளைக்கு ஒரு குத்து என்றாகும். வயிற்றிலோ தொடையிலோ பின் இடுப்பிலோ கேனுலா என்கிற மெல்லிய பிளாஸ்டிக் குழாயைச் செருகி ஒட்டுவோம், செருகிய ஊசி உடனே வெளியே வந்துவிடும், குழாய் மட்டும் தோலுக்கு அடியில் இருக்கும். பம்பில் இருக்கிற இன்சுலின் ஒரு நீளமான ட்யூப் வழியாக அங்கே போய்ச் சேரும்.

அது செய்வது இரண்டே வேலை. நாம் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் உடம்புக்கு வேண்டிய இன்சுலினை நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவது பேசல். சாப்பாட்டுக்கு நாம் பட்டனை அழுத்திக் கொடுப்பது போலஸ். இந்தப் பேசலை மணிக்கு மணி வேறு வேறாக எழுதி வைக்கலாம் என்பதுதான் என்னைப் பம்புக்கு இழுத்தது. விடியற்காலை நாலு மணிக்கு மேல் எனக்குச் சர்க்கரை தானாக ஏறும், பலருக்கும் ஏறும், அந்த நேரத்தில் சுரக்கிற ஹார்மோன்களின் வேலை அது. ராத்திரி போடுகிற நீண்ட நேர ஊசியிடம் போய் "நாலு மணியிலிருந்து எட்டு மணி வரை மட்டும் கொஞ்சம் கூடுதலாகப் பார்" என்று சொல்ல முடியுமா? பம்பிடம் சொல்லலாம். உங்கள் மகள் சாயங்காலம் கோகோ ஆடப் போனால் அந்த நேரத்துக்கு மட்டும் பேசலைப் பாதியாகக் குறைக்கலாம். 0.05 யூனிட் வரை சன்னமாகக் கொடுக்கலாம், பேனா ஊசியில் (பேனா மாதிரி இருக்கிற இன்சுலின் ஊசி) அரை யூனிட்டுக்குக் கீழே அளக்கவே முடியாது. குழந்தைகளுக்கு இது பெரிய விஷயம்.

ஆனால் சர்க்கரையைப் பார்ப்பது பம்ப் இல்லை, சென்சார். அது தனிக் கருவி. தோலுக்கு அடியில் இருக்கும் நீரில்தான் அது அளக்கிறது, ரத்தத்தைவிட ஐந்து பத்து நிமிடம் பின்தங்கியே காட்டும். அது காட்டுவதும் மகளின் முகம் காட்டுவதும் ஒத்துப்போகவில்லையென்றால் விரலில் குத்தித்தான் பார்க்க வேண்டும். சென்சாரைப் பார்த்துத் தானாகவே பேசலைக் கூட்டிக் குறைக்கிற பம்புகளும் வந்துவிட்டன. அவற்றுக்கும் சாப்பிடப் போகிறோம் என்று நாம்தான் சொல்ல வேண்டும்.

இனி நான் சொல்வதை அடிக்கோடு போட்டு வைத்துக்கொள்ளுங்கள். பம்பில் ஊற்றுவது வேகமாக வேலை செய்து வேகமாகத் தீர்ந்துபோகிற இன்சுலின் மட்டும். ஊசி போடும்போது உடம்பில் நாள் முழுக்க நின்று வேலை செய்த நீண்ட நேர இன்சுலின் இப்போது கிடையாது. அன்றாடங்காய்ச்சி வீட்டு அரிசிப்பானை மாதிரி, அன்றன்றைக்கு வந்தால்தான் அடுப்பு எரியும். பம்ப் கழன்றாலோ குழாய் அடைத்தாலோ மூன்று நாலு மணி நேரத்தில் உடம்பில் இன்சுலினே இல்லாமல் போய்க் கீட்டோன் (இன்சுலின் இல்லாதபோது ரத்தத்தில் சேர்கிற அமிலம்) ஏற ஆரம்பித்துவிடும். நிம்மதியாக ஓட்டுகிற வீட்டையும் அவதிப்படுகிற வீட்டையும் பிரிப்பது இதைப் புரிந்துகொண்டார்களா என்பதுதான்.

பம்ப் வைத்து இரண்டு மாதம் ஆகிறது. போன வாரம் ராத்திரி சர்க்கரை 310. கரெக்‌ஷன் கொடுத்தேன் (ஏறிய சர்க்கரையை இறக்கக் கூடுதல் இன்சுலின்), இறங்கவில்லை. மறுபடி கொடுத்தேன், 350 ஆனது. காலையில் வாந்தி. பம்ப் எந்த அலாரமும் அடிக்கவில்லை. என்ன தப்பு செய்தேன்?
கல்லூரி மாணவர், சிவகாசி

தம்பி, நீ செய்ததை அப்படியே நானும் செய்திருக்கிறேன், அதுவும் ஓடுகிற ரயிலில். மதுரையில் பாண்டியன் எக்ஸ்பிரஸ் பிடிக்கிற அவசரத்தில் கிளம்புவதற்குப் பத்து நிமிடம் முன்னால் செட்டை (கேனுலாவும் ட்யூபும் சேர்ந்தது) மாற்றிவிட்டு ஓடினேன். திண்டுக்கல் தாண்டும்போது 260. சரி, ஸ்டேஷனில் தின்ற பரோட்டா என்று நினைத்துக் கரெக்‌ஷன் கொடுத்தேன். திருச்சியில் 340, அப்போதும் பரோட்டா மேலேயே பழியைப் போட்டு இன்னொரு கரெக்‌ஷன். விழுப்புரம் வருவதற்குள் வாய் வறண்டு, வயிறு புரட்டி, மேல் பர்த்திலிருந்து இறங்கி ஓட வேண்டியதாகிவிட்டது. எழும்பூரில் பிளாஸ்திரியை உரித்துப் பார்த்தால் கேனுலா கொக்கி மாதிரி மடங்கிக் கிடக்கிறது. ராத்திரி முழுக்கக் கொடுத்த இன்சுலின் உள்ளே போகாமல் பிளாஸ்திரிக்கு அடியில் கசிந்திருக்கிறது.

பம்ப் ஏன் கத்தவில்லை? ட்யூப் அடைத்து அழுத்தம் ஏறினால்தான் அதற்குத் தெரியும். கசிந்தால் தெரியாது. தன் பங்குக்கு ஒழுங்காக அனுப்பிவிட்டதாக அது நினைத்துக்கொண்டிருக்கும். உன் மூக்கு கண்டுபிடிக்கும், செட் ஒட்டின இடத்தை மோந்து பார், டெட்டால் மாதிரி ஒரு வாசனை வந்தால் இன்சுலின் கசிகிறது என்று அர்த்தம்.

அன்றிலிருந்து நான் வைத்திருக்கிற வழக்கம் இது. காரணம் தெரியாமல் 250-க்கு மேல் போனால் பம்ப் வழியாக ஒரே ஒரு கரெக்‌ஷன். இரண்டு மணி நேரத்தில் இறங்கவில்லையா, பம்பை நம்புவதை நிறுத்திவிட்டு அடுத்த டோஸைப் பேனா ஊசியால் போடுவேன் (முதலில் கொடுத்தது கொஞ்சமாவது உள்ளே போயிருக்கலாம் என்பதால் எவ்வளவு என்பதை டாக்டரிடம் முன்பே கேட்டு எழுதி வைத்திருக்கிறேன்), உடனே செட்டை மாற்றுவேன், கீட்டோன் பார்ப்பேன், தண்ணீர் குடித்துக்கொண்டே இருப்பேன். கீட்டோன் ஏறியிருந்தாலோ வாந்தி எடுத்தாலோ யோசிக்காமல் ஆஸ்பத்திரி. அங்கே போனதும் "டைப் 1, பம்ப் போட்டிருக்கிறேன், கீட்டோன் பாருங்கள்" என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் ஃபுட் பாய்சன் என்று டிரிப் ஏற்றி ஓரமாகப் படுக்க வைத்துவிடுவார்கள். அப்புறம், ராத்திரி படுக்கப் போகும்போது செட் மாற்றாதே. காலையில் மாற்று, கோளாறு இருந்தால் முழித்திருக்கும்போதே தெரியும். பையில் எப்போதும் ஒரு பேனா ஊசி, ஒரு செட், கொஞ்சம் இன்சுலின். தெருமுனைக் கடைக்குப் போனாலும் சரி.

கல்யாணப் பந்தியில் என்ன செய்வீர்கள்? எவ்வளவு கார்ப் (மாவுச்சத்து) என்று எப்படிக் கணக்கிடுவது?
வாசகர், கும்பகோணம்

இதற்கு ஒரு முழு இதழ் வேண்டும். முதலில் வீட்டுச் சாப்பாடு. ஒரு சமையலறைத் தராசு வாங்கி இரண்டு வாரம் எல்லாவற்றையும் நிறுத்துப் பாருங்கள், அப்புறம் கண்ணே தராசாகிவிடும். வெந்த சோறு 100 கிராமில் ஏறக்குறைய 28 கிராம் கார்ப். எங்கள் வீட்டுச் சாதக் கரண்டி நிறைய அள்ளினால் 90 கிராம் சோறு, அதாவது கரண்டிக்கு 25 என்று வைத்துக்கொள்வேன். இட்லிக்குப் பொதுக் கணக்கு சொல்ல மாட்டேன், என் மாமியார் ஊற்றும் இட்லியும் ஹோட்டல் இட்லியும் ஒன்றா?

ஒரு யூனிட் இன்சுலினுக்கு எத்தனை கிராம் கார்ப் என்பதற்கு ஆரம்பக் கணக்கு ஒன்று உண்டு. 500-ஐ உங்கள் ஒரு நாள் மொத்த இன்சுலினால் வகுப்பது. 40 யூனிட் போடுகிறவர் என்றால் 12.5 கிராமுக்கு ஒரு யூனிட். அங்கிருந்து ஆரம்பித்து டாக்டரோடு உட்கார்ந்து சரிசெய்துகொண்டே போக வேண்டியதுதான். எனக்குக் காலைக்கு ஒரு கணக்கு, ராத்திரிக்கு வேறு கணக்கு.

இப்போது பந்திக்கு வருவோம். சாப்பிடுவதற்குப் பதினைந்து நிமிடம் முன்னால் போலஸ் கொடு என்பது புத்தகத்தில் இருக்கும் விதி. அதை நம்பி ஒரு கல்யாணத்தில் இலை போட்டதும் ஏழு யூனிட் கொடுத்துவிட்டேன். "மாப்பிள்ளை வீட்டுக்காரங்க ரயிலுக்குப் போகணும், நீங்க அடுத்த பந்திக்கு உட்காருங்கம்மா" என்று கையைப் பிடித்து எழுப்பிவிட்டார்கள். ஏழு யூனிட் உள்ளே போய்விட்டது, இலை அடுத்தவருக்குப் போய்விட்டது! கைப்பையில் இருந்த குளுக்கோஸ் பொடியைத் தின்றுகொண்டு மண்டப வாசலில் உட்கார்ந்திருந்தேன். அதற்கப்புறம் சோறு இலையில் விழுந்த பிறகுதான் பட்டனைத் தொடுவது. முதல் தவணையாகப் பாதி, பாயசம் வந்ததும் அதைப் பார்த்து மீதி. சாப்பாட்டுக்கு நடுவில் இன்னொரு தரம் கொடுக்க இன்னொரு ஊசி வேண்டாம் என்பது பம்பில் எவ்வளவு பெரிய சௌகரியம் என்று பந்தியில் உட்கார்ந்தவருக்குத்தான் தெரியும்.

பரோட்டா, பிரியாணி வேறு ஜாதி. எண்ணெயும் கொழுப்பும் செரிமானத்தை மெதுவாக்கிவிடும், அதனால் சாப்பிட்டு ஒரு மணி நேரம் நல்ல பிள்ளையாக இருந்துவிட்டு மூன்றாம் மணி நேரத்தில்தான் ஏறும். மொத்த இன்சுலினையும் முதலிலேயே கொடுத்தால் முதலில் லோ (சர்க்கரை தாழ்ந்துவிடும்), அப்புறம் ஹை (ஏறிவிடும்). போலஸைப் பிரித்துக் கொடுக்கிற வசதி பல பம்புகளில் இருக்கிறது, பாதி உடனே, மீதி மூன்று மணி நேரத்துக்குப் பரவலாக. எனக்குக் கொத்து பரோட்டாவுக்கு இது ஒத்துப்போகிறது. எல்லா நாளும் ஒத்துப்போகிறதா என்று கேட்காதீர்கள்.

லோ ஆகும்போது பம்பை நிறுத்திவிட்டால் போதுமா?
வாசகி, ஓசூர்

போதாது. நிறுத்தினால் இனிமேல் போவதுதான் நிற்கும், ஏற்கெனவே உள்ளே போனது வேலை செய்துகொண்டுதான் இருக்கும். 70-க்குக் கீழே என்றால் மூன்று டீஸ்பூன் சர்க்கரை அல்லது அதற்குச் சமமான குளுக்கோஸ், பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி பார்ப்பது, ஏறவில்லையென்றால் மறுபடி அதே அளவு. மைசூர்பாகு, சாக்லேட் எல்லாம் இதற்கு உதவாது, நெய்யும் கொழுப்பும் சேர்ந்து ஏறுவதற்குள் விடிந்துவிடும். மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், நேராக ஆஸ்பத்திரிதான்.

புடவைக்குள் எங்கே வைத்துக்கொள்கிறீர்கள்? (சும்மா ஆர்வம்தான்!)
வாசகி, நாமக்கல்

பாவாடை நாடாவில் கிளிப். விசேஷத்துக்குப் போகும்போது ஜாக்கெட்டின் உள்பக்கம் எங்கள் டெய்லரக்கா தைத்துக் கொடுத்த சின்னத் துணிப்பை. ரேஷன் கடை க்யூவில் ஒரு பெரியவர் "இன்னும் பேஜர் வெச்சிருக்கியாம்மா?" என்று கேட்டார். 1963-ல் லாஸ் ஏஞ்சலிஸில் அர்னால்ட் காடிஷ் என்ற மருத்துவர் செய்த முதல் பம்பை மூட்டை மாதிரி முதுகில் சுமக்க வேண்டும். அதை நினைத்தால் பேஜர் எவ்வளவோ மேல்.

கோயிலிலும் ஏர்போர்ட்டிலும் சோதனை செய்யும்போது பிரச்சினை வருமா?
வாசகர், தூத்துக்குடி

வரும். தமிழ்நாட்டுக் கோயில்களில் கைப்பேசிக்குத் தடை போடச் சொல்லி 2022 டிசம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டதிலிருந்து வாசலில் சோதனை கூடியிருக்கிறது. தடை நல்லதுதான், சாமியை விட்டுவிட்டு செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஆனால் பம்ப் பார்ப்பதற்குச் செல்போனின் தம்பி மாதிரி இருக்கும். ஒரு கோயிலில் "கவுண்டரில் குடுத்துட்டு டோக்கன் வாங்கிக்கங்க" என்று பிடிவாதமாக நின்றார்கள். க்யூவோ மூன்று மணி நேரம். அரிசிப்பானைக் கதை ஞாபகம் இருக்கிறதல்லவா? அங்கே கழற்றிக் கொடுத்திருந்தால் சந்நிதிக்குப் போவதற்குள் கீட்டோன் ஏற ஆரம்பித்திருக்கும். பெண் காவலரைத் தனியே கூப்பிட்டு வயிற்றில் ட்யூப் போகிற இடத்தைக் காட்டினேன், உடனே விட்டுவிட்டார். தமிழில் இரண்டு வரி எழுதி டாக்டரிடம் கையெழுத்தும் சீலும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், ஆங்கிலக் கடிதத்தை வாசலில் யாரும் படிப்பதில்லை. திருச்செந்தூர் மாதிரி ஆண்கள் சட்டையைக் கழற்றுகிற இடத்தில் வேட்டிக்கு மேல் பெல்ட் கட்டி அதில் மாட்டிக்கொள்ளலாம், வெளியே தெரிந்தால் கேள்வியும் குறையும்.

ஏர்போர்ட்டில் மெட்டல் டிடெக்டர் வழியாக நடப்பது பெரும்பாலான பம்புகளுக்குப் பாதிப்பில்லை. பையோடு எக்ஸ்ரே பெட்டியில் போடாதீர்கள், முழு உடல் ஸ்கேனரும் வேண்டாம், கையால் சோதிக்கச் சொல்லுங்கள். எம்.ஆர்.ஐ. எடுப்பதென்றால் பம்பை அந்த அறைக்குள்ளேயே கொண்டுபோகக் கூடாது.

எங்கள் ஊர் வெயிலுக்கு பிளாஸ்திரி இரண்டே நாளில் உரிந்துவிடுகிறது. இன்சுலினும் கெட்டுப்போகுமா?
வாசகி, வேலூர்

கெடும். பிரிக்காத இன்சுலின் பிரிட்ஜில் (ஃப்ரீசரில் இல்லை). பிரித்தது சாதாரண அறைச் சூட்டில் ஏறக்குறைய நாலு வாரம் தாங்கும், ஆனால் அக்கினி நட்சத்திரத்தில் உங்கள் ஊர் அறை சாதாரண அறை இல்லையே. மண்பானையில் வைப்பது பழைய யோசனைதான், இன்றைக்கும் வேலை செய்கிறது. மே மாதத்தில் ரிசர்வாயரில் (பம்புக்குள் இன்சுலின் நிரப்புகிற சின்னக் குப்பி) பாதிதான் ஊற்றுவேன், இரண்டு நாளில் தீர்ந்தால் புதிது. ட்யூப் துணிக்கு வெளியே வெயிலில் தொங்கக் கூடாது, டூவீலர் பெட்டியில் இன்சுலினை வைக்கவே கூடாது.

பிளாஸ்திரி ஒட்டுகிற இடத்தில் எண்ணெய், பவுடர், லோஷன் எதுவும் இருக்கக் கூடாது. ஸ்பிரிட்டால் துடைத்து முழுக்கக் காய்ந்த பிறகு ஒட்டி, உள்ளங்கையால் ஒரு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். வெள்ளிக்கிழமை எண்ணெய்க் குளியலை நான் விட்டதில்லை, செட் மாற்றுகிற நாளை அதோடு ஒட்டி வைத்துக்கொண்டேன். பழையதைப் பிடுங்கிவிட்டு நன்றாகக் குளித்து, சீயக்காய் போட்டு எண்ணெய் போன பிறகு புதியது. குளிக்கிற நேரம் கழற்றியிருப்பது பிரச்சினை இல்லை, ஒரு மணி நேரத்துக்குள் மாட்டிவிட வேண்டும். ஒரே இடத்தில் திரும்பத் திரும்பச் செருகாதீர்கள், தோலுக்கு அடியில் கட்டி மாதிரி தடித்துவிடும், அங்கே இன்சுலின் ஒழுங்காக இறங்காது.

வரன் பார்க்கிறார்கள். நிச்சயம் ஆகும்வரை பம்பைக் கழற்றி வைத்துவிட்டு ஊசி போட்டுக்கொள், சொல்ல வேண்டாம் என்கிறார் சித்தி. வயது 26.
பெயர் வேண்டாம், தஞ்சாவூர்

சொல்லிவிடு கண்ணு. ராத்திரி இரண்டு மணிக்கு நீ லோ ஆனால் பக்கத்தில் படுத்திருப்பவர்தான் சர்க்கரை கலந்து கொடுக்க வேண்டும், சித்தி இல்லை. என்னைப் பெண் பார்க்க வந்தவர்களில் இரண்டு வீட்டார் காபியைக்கூட முடிக்காமல் எழுந்து போனார்கள், மூன்றாவதாக வந்தவர் "இதுல பேட்டரி எத்தனை நாள் வரும்?" என்று கேட்டார், அவரைத்தான் கட்டிக்கொண்டேன். குழந்தை பெறலாம், சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவந்துவிட்டு டாக்டரோடு திட்டமிட்டுப் பெற வேண்டும். அம்மாவுக்கு டைப் 1 என்றாலும் நூற்றில் 90-க்கும் மேற்பட்ட குழந்தைகளுக்கு அது வருவதில்லை. இதையும் பெண் பார்க்க வருகிறவர்களிடம் சொல்.

நகையை வைத்துப் பையனுக்குப் பம்ப் வாங்கிவிடலாமா என்று யோசிக்கிறேன்.
ஒரு அப்பா, அருப்புக்கோட்டை

வேண்டாம் ஐயா. கருவியின் விலை லட்சங்களில், அதையாவது ஒருமுறை என்று சமாளித்துவிடலாம், ஆனால் செட், ரிசர்வாயர், சென்சார் என்று மாதாமாதம் பல ஆயிரம் ரூபாய் நிற்காமல் போகும். என் மருத்துவக் காப்பீட்டு பாலிசி இதற்கு ஒரு ரூபாய் தரவில்லை. காசு பார்த்து செட்டை ஐந்து நாள், ஆறு நாள் என்று ஓட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், அதற்குப் பேனா ஊசியே ஆயிரம் மடங்கு மேல். நாலு வேளை ஊசி ஒழுங்காகப் போட்டு, அளந்து சாப்பிட்டு நன்றாக இருக்கிறவர்கள் எத்தனையோ பேர், நானே பதினெட்டு வருடம் அப்படித்தான் இருந்தேன். இருக்கிற பணத்தில் சர்க்கரை பார்க்கும் ஸ்ட்ரிப் கஞ்சத்தனமில்லாமல் வாங்குங்கள், முடிந்தால் சென்சார். பம்ப் அதற்கப்புறம்.

பள்ளியில் பம்பைக் கழற்றச் சொல்கிறார்கள். பத்தாம் வகுப்புப் பரீட்சை வேறு வருகிறது.
ஒரு அம்மா, கோயம்புத்தூர்

கழற்ற விடாதீர்கள். டைப் 1 பிள்ளைகள் பரீட்சை அறைக்குள் சர்க்கரை மாத்திரை, பழம், தண்ணீர் கொண்டுபோக 2017-லேயே சி.பி.எஸ்.இ. அனுமதித்துவிட்டது. பள்ளியில் சர்க்கரை பார்க்கவும் இன்சுலின் போட்டுக்கொள்ளவும் விட வேண்டும் என்று தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் 2023 மார்ச்சில் மாநிலங்களுக்கு எழுதியிருக்கிறது. இரண்டையும் அச்செடுத்து, டாக்டர் கடிதத்தோடு ஹெட்மாஸ்டரிடம் இப்போதே கொடுத்து, வாங்கியதற்குக் கையெழுத்தும் கேளுங்கள். பரீட்சையன்று காலையில் வாசலில் நின்று வாதாடிப் பிரயோசனமில்லை.

பாகற்காய்ச் சாறும் கருஞ்சீரகமும் குடித்தால் பம்பைக் கழற்றிவிடலாமாமே?
வாசகர், ஈரோடு

டைப் 1-ல் இன்சுலினை நிறுத்தினால் உயிர் போகும். சாறு கொடுக்கச் சொன்னவரைக் கொஞ்ச நாள் வீட்டுப் பக்கம் வரவிடாதீர்கள்.

முழுப்பரீட்சை லீவுக்குப் பேரன் வருகிறான், எட்டு வயது, பம்ப் போட்டிருக்கிறான். எனக்கு 68 வயது. ராத்திரியில் அது சத்தம் போட்டால் நான் என்ன செய்வேனோ என்று பயமாக இருக்கிறது.
ஒரு பாட்டி, தென்காசி

பயப்படாதீங்கம்மா. மகளிடம் ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி வாங்கி பிரிட்ஜ் கதவில் ஒட்டிக்கொள்ளுங்கள். 70-க்குக் கீழே என்றால் சர்க்கரை எவ்வளவு, 250-க்கு மேல் என்றால் யாருக்குப் போன், வாந்தி எடுத்தால் எந்த ஆஸ்பத்திரி. அவ்வளவு போதும். பையனிடமே பட்டன்களையும் காட்டச் சொல்லுங்கள், இந்தப் பிள்ளைகளுக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். பலகாரம் கொடுக்கும் முன்னால் "எத்தனை கார்ப்டா?" என்று கேட்டுவிட்டால் அவனே கணக்குப் போட்டுக்கொள்வான், ஒளித்து மட்டும் கொடுத்துவிடாதீர்கள். அப்புறம், மகள் கிளம்புவதற்கு முன்னால் எந்தச் சத்தம் எதற்கு என்று ஒருமுறை கேட்டுப் பழகிக்கொள்ளுங்கள். பேட்டரி தீர்ந்தாலும் அது ஊரே எழுந்துகொள்கிற மாதிரிதான் கத்தும்.